கல்லே குழாயாய் இருந்த வீடு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் வேலையை ஊரில் யாரும் பெருமையாகப் பேசமாட்டார்கள். "மகன் என்ன செய்றான்?" என்று யாராவது கேட்டால், "மஸ்கெலியா டவுன்ல வேல" என்று சொல்லி என் அம்மா கடைசிவரை சமாளித்தாள். அடுத்தவர் வீட்டுக் கழிவுக் குழாயில் கையை விட்டு அடைப்பெடுக்கிறான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிவனொளிபாத மலை ஏறியவர்கள் உச்சியில் கண்டதாகச் சொல்லும் அதிசயங்களுக்குக் குறையாத அதிசயங்களை நான் குழாய்க்குள் கண்டிருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், பிறகு மீதியைப் படியுங்கள்.

முடி, எண்ணெய், சோற்றுப் பருக்கை, சின்னப் பிள்ளைகள் போடும் கோலிக்குண்டு, இதெல்லாம் அடைப்பில் சேர்த்தியே இல்லை. மூங்கில் பிளாச்சை விட்டு ஆட்டினால் போய்விடும். நான் சொல்ல வருவது கல்லைப் பற்றி. யாரும் உள்ளே போடாத கல். தண்ணீரே உட்கார்ந்து செய்கிற கல்.

நம் மலைத் தண்ணீர் பெரும்பாலும் மெல்லிய தண்ணீர். சவர்க்காரம் போட்டால் நுரை போகாது, குளித்து முடிக்கப் பொழுது போய்விடும். ஆனால் தேயிலை மலைக்கு அடியில் ஊறும் ஊற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிற வீடுகள் சில உண்டு. தேயிலைச் செடிகளைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டி முடிந்ததும் அந்த மலைக்கு டொலமைட் தூவுவது தோட்டத்து வழக்கம். மண்ணின் புளிப்பு குறைவதற்காகத் தூவுகிற ஒருவிதச் சுண்ணாம்புத் தூள் அது. மழை அதைக் கரைத்து ஊற்றுக்குள் இறக்கிவிடும். வீட்டில் பெண்கள் என்ன செய்வார்கள்? அதே கவ்வாத்தில் வெட்டிய மிலாற்றுக் குச்சிகளை அடுப்பில் எரிப்பார்கள். அந்தச் சாம்பலை அள்ளிப் பாத்திரம் விளக்குவார்கள். சுண்ணாம்புத் தண்ணீரும் சாம்பலும் சவர்க்காரமும் குழாய்க்குள் சேர்ந்து, ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை அளவு ஒட்டும். சிறுதுளி பெருவெள்ளம் என்பார்கள். இங்கே சிறுதுளி பெருங்கல்.

இந்தக் கல்லோடு எனக்கு முதல் அறிமுகம் ராகலையில் ஒரு வாத்தியார் வீட்டில். அப்போது தொழிலுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இளங்கன்று பயமறியாது அல்லவா, உளியையும் சுத்தியலையும் எடுத்துக் கல்லை அடித்தேன். கல் அப்படியே இருந்தது. குழாய் இரண்டாகப் பிளந்தது. வாத்தியார் ஒரு வார்த்தை திட்டவில்லை, பிளந்த குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நீ பள்ளிக்கூடத்துல என்கிட்ட படிக்காதது என் அதிர்ஷ்டம்" என்றார். அந்தக் குழாயை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

புதுக் குழாய் வாங்க ஹட்டனுக்குப் போன இடத்தில்தான் கடை முதலாளி ஒரு போத்தலை எடுத்துக் கொடுத்தார். "மேக்க தாலா பலன்ன, மல்லி" என்றார். சிங்களத்தில் இதைப் போட்டுப் பார் தம்பி என்று அர்த்தம். ஆசிட். அடுத்த வீட்டில் ஊற்றிப் பார்த்தேன். கல் சுர்ரென்று பொங்கி நுரையாகக் கரைந்து போனதைக் கண்டதும் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் ஆசிட்தான். அக்கரப்பத்தனையிலிருந்து மஸ்கெலியா வரை எனக்கு "ஆசிட் அண்ணன்" என்றே பெயர் விழுந்தது. கூப்பிட்டவர்கள் கேலியாகக் கூப்பிட்டார்கள். எனக்குப் பட்டம் கொடுத்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திமிரோடுதான் நான் பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போனேன்.

யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதை மூடிக்கிடந்த வருடங்கள் அவை. மஸ்கெலியாவிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் ஒரு தோட்டம். அங்கே ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிளாக்கராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். மகளின் கலியாணத்தை ஊரில் வைக்க வழியில்லாமல் தோட்டம் கொடுத்த குவாட்டஸ் வீட்டிலேயே வைத்திருந்தார். கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அடுப்படித் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் போகாமல் நின்றுவிட்டன. எனக்கு ஆள் அனுப்பினார்கள். பத்து நாளாக விடாத மழை. பஸ்ஸிலிருந்து இறங்கி, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறிப் போனேன்.

வீடு இருந்த இடத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மேட்டில் கிளாக்கரின் வீடு. அதன் பின்முற்றத்தை ஒட்டிக் கீழே இறங்கும் பத்தடிக் கல்கட்டு, வெள்ளைக்காரன் காலத்தில் அடுக்கியது. கல்கட்டுக்கு அடியில் நாலு முழ இடைவெளி விட்டு ஒரு லயம், எட்டு வீடு, அத்தனையும் தொழிலாளர் குடும்பங்கள். கிளாக்கர் வீட்டுக் கழிவுக் குழாய் முற்றத்து மண்ணுக்குள்ளே போய், கல்கட்டைத் துளைத்துக்கொண்டு லயத்தின் பின்புறச் சாக்கடைக் கானில் விழும். மேல்வீட்டு அழுக்கெல்லாம் கீழ்வீட்டுக்காரர்களின் அடுப்படி வாசலில் ஓடுவது தோட்டங்களில் யாரும் யோசித்துப் பார்க்காத ஏற்பாடு. நானும் யோசித்தவனில்லை.

நான் போன அன்று அங்கே பலகாரச் சூடு. யாழ்ப்பாணத்தார் கலியாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து, உறவுப் பெண்கள் கூடிப் பலகாரம் சுடுவார்கள். அடுப்படி முழுக்க எண்ணெய்ச் சட்டிகள், சிரிப்பு, சத்தம். நடுவில் கழுவப்படாத பாத்திரங்கள் மலையாகக் குவிந்திருந்தன. பெரிய கிளாக்கர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கொழும்பிலயிருந்து மாப்பிள்ளை பகுதி வருகினம். வீட்டுக்குள்ள ஊத்தைத் தண்ணி நிக்குது. இண்டைக்கே திறந்துபோட்டுத்தான் நீர் போகவேணும்."

"இன்னைக்கே தொறந்துருவேங்க ஐயா" என்றேன். குழாயை இன்னும் பார்க்கவே இல்லை, வாக்குக் கொடுத்துவிட்டேன்.

முற்றத்தில் இருந்த மூடியைத் திறந்து, டோர்ச்சை அடித்தேன். ஐந்து அங்குல வார்ப்பிரும்புக் குழாய். அதன் வாயில் வெள்ளையும் சாம்பலுமாகக் கல் வளர்ந்திருந்தது. தண்ணீர் போக மிஞ்சியது ஒரு விரல் நுழையும் துவாரம்தான். உளியால் ஓரத்தைத் தட்டி ஒரு துண்டைப் பெயர்த்துக் கையில் எடுத்தேன். வெட்டிய மரத்தில் தெரிவதுபோல அதில் வளையங்கள் இருந்தன. மெல்லிய சாம்பல் நிற வளையங்கள் நூற்றுக்கணக்கில், அவற்றுக்கு நடுவே தடித்த வெள்ளை வளையங்கள். வெள்ளையை மட்டும் எண்ணினேன். ஏழு.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மேல்மலையைக் கவ்வாத்து வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய ஒவ்வொரு முறையும் டொலமைட் தூவியிருக்கிறார்கள். அந்த வருடத்து மழை இறக்கிய சுண்ணாம்பு இங்கே ஒரு வெள்ளை வளையமாக உட்கார்ந்திருக்கிறது. முப்பத்தைந்து வருடம் இந்த மலைக்கு என்ன நடந்தது என்பதை யாருக்கும் தெரியாமல் ஒரு கழிவுக் குழாய் எழுதி வைத்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மழைச் சாக்கைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு அப்படியே குந்தியிருந்தேன்.

தம்பிமாரே, அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் உள்ளே கல் வளர்ந்தது என்றால், அதே முப்பத்தைந்து வருடம் வெளியே இரும்புக்கு என்ன ஆனது என்று கேட்டிருக்க வேண்டும். தேயிலை மண்ணின் புளிப்பு மண்வெட்டித் தகட்டையே தின்றுவிடும் என்பது தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் பலகாரச் சூட்டு வீட்டு ஜன்னலிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்ததை மறக்க அது போதும்.

வழக்கமாக ஒரு போத்தல் ஊற்றி, கால் மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது ஊற்றுவேன். அன்று கொண்டுபோன ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினேன். குழாய் பொங்கியது. வெள்ளை நுரை வாய்வரை வந்து, கொதிக்கும் பாலைப்போல விளிம்பில் நின்றது. கண் எரிந்தது. பிறகு உள்ளே எங்கோ "களக்" என்று ஒரு சத்தம். நுரை மொத்தமும் உள்ளே இழுத்துக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே அதுவரை தேங்கியிருந்த தண்ணீர் சுழன்று இறங்கியது.

ஜன்னலில் கைதட்டினார்கள். கிளாக்கரின் முகம் மலர்ந்தது. குவிந்திருந்த பாத்திரங்களைத் தொட்டித் தொட்டியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கினார்கள். கிளாக்கரின் மனைவி எனக்குத் தேத்தண்ணியும் ஒரு தட்டில் பயத்தம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தார். கால் மேல் கால் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் பஸ்ஸுக்குப் போகாமல் லயத்துப் பக்கமாக இறங்கினேன். வேலையைச் சரிபார்க்கப் போனேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை அதுவல்ல. கல்கட்டுத் துவாரத்திலிருந்து என் வெள்ளை நுரை எவ்வளவு வேகமாக வந்து விழுகிறது என்று பார்க்கவும், லயத்தில் யாராவது இருந்தால் "இத தொறந்தது யாருன்னு தெரியுமா?" என்று கேட்கவும்தான் போனேன்.

துவாரத்தில் ஒன்றும் வரவில்லை.

மேலே தொட்டித் தொட்டியாக ஊற்றுகிறார்கள். எனக்குச் சத்தம் கேட்கிறது. கீழே குழாய் வாய் காய்ந்து கிடக்கிறது. காலையில் ஏறும்போது அதிலிருந்து நூல்போல ஒழுகிக்கொண்டிருந்ததே, அதுவும் இல்லை. துவாரத்தில் காதை வைத்தேன். உள்ளே, குழாய்க்குள் அல்ல, கல்கட்டுக்குப் பின்னால் மண்ணுக்குள் எங்கோ தண்ணீர் பேசும் சத்தம் கேட்டது.

"அண்ணே, இங்க கொஞ்சம் பாருங்க" என்று ஒரு குரல்.

கடைசி வீட்டின் அடுப்படி வாசலில் ஓர் இளம்பெண் நின்றாள். காதை மூடித் துணி கட்டியிருந்தாள், இடுப்பிலும் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள், கையில் ஒரு பச்சைக் குழந்தை. பிள்ளை பெற்ற வீடு என்று பார்த்ததுமே தெரிந்தது. வீட்டைவிட்டு வெளியே வராமல், வாசற்படிக்கு உள்ளேயே நின்று கல்கட்டைக் காட்டினாள்.

"செவுத்துல இருந்து மம்புழு எறங்குதுங்க. காலையில இல்ல. இப்ப ஒரு அரமணி நேரமாத்தான். அந்த அடிக் கல்லும் வேர்க்குது பாருங்க, வெள்ளையா. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

பார்த்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலிருந்து மண்புழுக்கள் துடித்துக்கொண்டு வெளியே விழுந்தன. கொத்துக் கொத்தாக. அடிக்கற்களின் இடுக்குகளில் சுண்ணாம்பு கலந்த வெள்ளைத் தண்ணீர் கசிந்தது. அதில் ஆசிட் வாசம் வந்தது. என் ஆசிட்.

அப்போதுதான் புரிந்தது. மண்ணுக்குள் இரும்புக் குழாய் என்று ஒன்று எப்போதோ இல்லாமல் போயிருந்தது. புளித்த மண் அதைத் தின்று தீர்த்துவிட்டது. இரும்பு போன பிறகும் தண்ணீர் வழி தவறாமல் ஓடியதற்குக் காரணம் உள்ளே வளர்ந்த கல். கல்லே குழாயாக இருந்திருக்கிறது. எந்த மேசனும் கட்டாமல், யாரும் காவல் இல்லாமல், எத்தனை வருடமாகவோ அது மேல்வீட்டுத் தண்ணீரைச் சிந்தாமல் சுமந்து, இந்த எட்டு வீடுகளுக்குப் பின்னால் இருந்த மண்ணை நனையாமல் காத்திருக்கிறது. நான் அரை மணி நேரத்தில் அதில் ஓட்டை போட்டுவிட்டேன். பத்து நாள் மழை குடித்த மண்ணுக்குள் இப்போது ஒரு கலியாண வீட்டின் தண்ணீர் முழுவதும் இறங்கிக்கொண்டிருந்தது.

கல்கட்டை நிமிர்ந்து பார்த்தேன். நடுவில் இலேசாக வயிறு தள்ளியிருந்தது. அது பழைய வயிறா, இன்றைய வயிறா என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் என்ன செய்வது என்பதுதான் இந்தத் தொழிலின் மொத்தப் படிப்பும். விழாது என்று சொல்லிவிட்டு விழுந்தால் உயிர் போகும். விழும் என்று சொல்லிவிட்டு விழாவிட்டால் என் மானம் போகும். அன்று எனக்கு இருந்த மானத்தை வைத்துப் பார்த்தால், அந்த முடிவுக்கு இவ்வளவு நேரம் எடுத்ததே வெட்கக்கேடு.

"எல்லாரும் வெளிய வாங்க! கல்கட்டு சரியப் போகுது!" என்று கத்தினேன்.

பட்டப்பகல். ஆட்கள் எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். லயத்தில் இருந்தது காய்ச்சல்காரர் ஒருவரும் வேலைக்குப் போகாத இரண்டு மூன்று பேரும்தான். அவர்கள் பாயையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பக்கத்து மாரியம்மன் கோவிலுக்கு ஓடினார்கள். கடைசி வீட்டுப் பெண் மட்டும் அசையவில்லை.

"தங்கச்சி, புள்ளைய தூக்கிக்கிட்டு வா!"

"பதினோரு நாளு புள்ளைங்கண்ணே. தீட்டு. நான் கோயிலுக்குள்ள எப்படிங்க போறது? இந்த மழையில வேற எங்க போவேன்? யாரு வீட்டுல ஏத்துவாங்க?"

அவள் சொன்னது நியாயம். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவுக்குப் போகலாமென்றால் அது அரை மைல் கீழே, வழியில் பெரிய கான் கரைபுரண்டு ஓடுகிறது. பதினோரு நாள் பிள்ளை மழையில் நனைந்தால் அதுவும் ஆபத்துதான். முதலில் தண்ணீரை நிறுத்துவோம் என்று படியேறி ஓடினேன்.

"தண்ணி ஊத்தாதீங்க! ஒரு சொட்டு ஊத்தாதீங்க!"

பெரிய கிளாக்கர் திகைத்துப்போனார். "என்ன விளையாட்டு இது? இப்பத்தானே திறந்தனீர்?"

எனக்கு ஒரு பொய் தயாராக இருந்தது. பழைய குழாய், தானாக உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் நின்று விசாரிப்பார்கள், யோசிப்பார்கள். நேரமில்லை.

"ஐயா, மண்ணுக்குள்ள கொழாயே இல்லைங்க. அந்தக் கல்லுதான் கொழாயா இருந்துச்சு. அத நான் கரைச்சிட்டேன். தண்ணி பூரா கல்கட்டுக்குள்ள போகுது. சரியப் போகுதுங்க."

அடுப்படியில் எண்ணெய் பொரியும் ஓசை மட்டும் கேட்டது. குழாய்களை மூடினார்கள். ஆனால் கூரைப் பீலியில் விழும் மழைத் தண்ணீரும் அதே குழாயில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. மழையை யார் மூடுவது? ஏணியைப் போட்டு ஏறி, பீலியிலிருந்து இறங்கும் குழாயைச் சுத்தியலால் அடித்துப் பெயர்த்தேன். கூரைத் தண்ணீர் முன்முற்றத்துப் பக்கம், கலியாணத்துக்குச் சோடித்திருந்த பந்தலின் மேல் கொட்டியது. கிளாக்கர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏணியிலிருந்து இறங்கும்போது அவருடைய மனைவி கீழே நின்றிருந்தார். கையெல்லாம் மா.

"கீழ ஆர் இருக்கினம்?"

"எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டாங்கம்மா. கடைசி வீட்டுல மட்டும் ஒரு பொண்ணு. பதினோரு நாள் புள்ளையோட. தீட்டுன்னு எங்கயும் போக மாட்டேங்குது."

அந்த அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மாக் கையோடு குடையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், கிளாக்கர் வீட்டம்மா லயத்து வாசலை மிதிப்பது நடக்கிற காரியமல்ல. அதுவும் பலகாரச் சூட்டன்று, பிள்ளை பெற்ற வீட்டுக்கு. நான் பின்னாலேயே ஓடினேன்.

"எழும்பு பிள்ளை. மேல போவம்."

"தீட்டுங்கம்மா. ஒங்க வீட்டுல கலியாணம்…"

"எனக்குத் தெரியும். எழும்பு எண்டுறன்."

குழந்தையை அவளிடமிருந்து வாங்கித் தன் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார். பிள்ளை போனால் தாய் பின்னால் வருவாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவளுக்குக் குடை பிடித்தேன். மேலே வாசலில் கிளாக்கரின் வயதான மாமி ஒருவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"துடக்குக்காரியை எங்க கொண்டுவாறாய்? உனக்கென்ன விசரே?"

"மாமி, அதுகள் மண்ணுக்க போனாப் பிறகு துடக்குக் காப்பம். இப்ப வழி விடுங்கோ."

மாமி வழிவிட்டார். தாயையும் பிள்ளையையும் கலியாணப் பெண்ணின் அறையில் கொண்டுபோய் உட்கார்த்தினார்கள். கலியாணப் பெண்ணே எழுந்து தன் கம்பளியை எடுத்துக் கொடுத்தாள். நான் வாசலில் நின்று அதைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய மனசுகளை ஒரே அறையில் கண்டதில்லை. கல்லைக் கண்டு காலையில் சிலிர்த்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

நாலு மணிக்குக் கல்கட்டு போனது. இடிபோலச் சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. மூட்டை இறக்கியவன் விடுகிற பெருமூச்சுதான் முதலில் கேட்டது, அதன் பிறகுதான் கற்கள் உருளும் சத்தம். முற்றத்தில் பாதி எங்கள் கண்ணெதிரே இறங்கிப் போனது. கடைசி வீட்டின் பின்சுவரை உடைத்துக்கொண்டு மண் அடுப்படிக்குள் புகுந்து, கூரைத் தகரத்தைத் தூக்கி நிறுத்தியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

மண் சரிந்த இடத்தில், ஓர் ஆள் நீளத்துக்கு, அந்தக் கல் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே இரும்பு இருந்ததற்கு அடையாளமாகக் கொஞ்சம் துருப்பொடி மட்டும் ஒட்டியிருந்தது. மற்றதெல்லாம் வெறும் கல், உருண்டையாக, கடைந்தெடுத்த மாதிரி. பக்கவாட்டில் ஒரே ஓர் இடத்தில் என் ஆசிட் தின்ற ஓட்டை, உள்ளங்கை அகலம். மழையில் நின்று அதைக் கும்பிட்டேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. தாயும் பிள்ளையும் வேறொரு லயத்தில் வீடு ஒதுக்கும்வரை மூன்று நாள் கிளாக்கர் வீட்டில்தான் இருந்தார்கள். மழையில் கல்கட்டு சரிந்தது என்று தோட்டம் முழுக்கப் பேசினார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி மேல்வீட்டுக்கு மட்டும் தெரியும், அவர்கள் வெளியே விடவில்லை. நான் கிளம்பும்போது கிளாக்கரின் மனைவி இவ்வளவுதான் சொன்னார்: "எங்களுக்குச் சொன்னனீர். கீழ சொல்லவேண்டிய ஆளுக்கும் சொல்லும்."

நான் சொல்லவில்லை. ஒரு மாதம் சொல்லவில்லை. சொல்ல விட்டால்தானே! லயத்து ஆட்கள் என்னைக் கண்ட இடத்தில் கும்பிட்டார்கள். அந்தப் பெண்ணின் புருசன் மஸ்கெலியா பஸ் நிலையத்தில் வைத்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். "சாமி மாதிரி வந்தீங்கண்ணே" என்றான். நான் "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றேன். அடக்கம் என்று நினைத்து அவன் இன்னும் அழுதான். அன்று ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. ஆசிட் பட்ட புண் நாலு நாளில் ஆறிவிடும், இது ஆறவில்லை.

தீட்டுக் கழிந்த பிறகு ஒரு நாள் பால்மா டின் ஒன்று வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் புது வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்கு வெயில் காட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து போத்தலையும் ஒரே தடவையில் ஊற்றியது, கைதட்டல், பணியாரம், எதையும் விடவில்லை.

அவள் பிள்ளையின் காலை நீவிக்கொண்டே இருந்தாள்.

"நாலு மணிக்கு அந்த அடுப்பங்கரையில வச்சுத்தான் புள்ளைக்குத் தண்ணி ஊத்துவேன்" என்றாள். "தெனமும் நாலு மணிக்கு."

படியில் உட்கார்ந்துவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நல்லது என்றும் இருந்தது. அவள் திட்டவில்லை.

"வேலதான் முடிஞ்சிருச்சே. அப்பறம் எதுக்கு எங்க பக்கம் எறங்கி வந்தீங்க?" என்று கேட்டாள்.

இதிலாவது கொஞ்சம் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சபலம் வந்தது. அடக்கிக்கொண்டேன். "தண்ணி எவ்வளவு வேகமா கொட்டுதுன்னு பாக்கத்தான் தங்கச்சி. நாலு பேருகிட்ட பெரும பேச."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"பெருமைக்கு வந்தாலும் வாங்கண்ணே. மேல வேல செஞ்சா ஒரு தடவ கீழயும் எறங்கிப் பாத்துட்டுப் போங்க. கீழயும் ஆளுங்க இருக்கோம்."